அன்றைக்கே ஓடும் வட்டி

ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் சேலை மினுக்குவது தேவராசாவின் வேலை. சாப்பாட்டு மேசையில் பழைய கம்பளிப் போர்வையை இரண்டாக மடித்து விரிப்பார். வரும் கிழமை மனைவி மங்களேஸ்வரி படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கொண்டு போகவேண்டிய ஐந்து சேலைகளும் கதிரையின் முதுகில் தொங்கும். பென்சன் எடுத்த மாதத்தில் அவராகவே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. ஒவ்வொரு காலையும் ஒன்றாக மினுக்கினால் இஸ்திரிப் பெட்டி ஐந்து தரம் சூடாகவேண்டும், ஒரேயடியாக மினுக்கினால் ஒரு சூட்டோடு முடியும், மாதக் கரண்ட் பில்லில் இவ்வளவு மிச்சம் என்று அதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார்.

அந்த ஞாயிறு மூன்றாவது சேலையின் கரையைக் கையால் நீவிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்.

"நீர் மட்டும் போயிட்டு வாரும். ரெண்டு பேருக்குக் கணக்கு வரேல்லை."

மங்களேஸ்வரி அடுத்த கதிரையில் இருந்து பிள்ளைகளின் கட்டுரைக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். சிவப்புப் பேனையை மூடினாள்.

"என்ன கணக்கு வரேல்லை?"

மகன் சிவரூபன் சுவிற்சர்லாந்திலிருந்து ஓகஸ்ட் மாதம் சென்னைக்கு வருகிறான். அகதியாகப் பதிந்தவனுக்கு அந்த நாடு கொடுத்த பயணப் புத்தகத்தோடு உலகத்தில் எங்கும் போகலாம், இலங்கைக்கு மட்டும் போகக்கூடாது. தாய் தகப்பன் இருக்கும் நாடுதான் விலக்கு. அதனால் அந்த வருடங்களில் எத்தனையோ குடும்பங்கள் செய்தது போல, சென்னையில் ஒரு லொட்ஜில் தங்கிச் சந்திப்பது என்று ஏற்பாடு. மூன்று கிழமை நிற்பான். ஐந்து வருடம் காணாத பிள்ளை.

செலவைத் தானே பார்ப்பதாக அவன் சொன்னான். தேவராசா ஒத்துக்கொள்ளவில்லை. "அவன் அங்க ஹொட்டேல் குசினியில கோப்பை கழுவி உழைக்கிற காசில நான் போய்ப் படுத்திருந்து சாப்பிடுறதோ?" என்றார். அதில் மங்களேஸ்வரிக்கும் சம்மதம்தான். கையில் இருந்த ரொக்கம் இரண்டு விமான டிக்கெட்டுக்கும் வழிச் செலவுக்கும் காணும். வங்கியில் கிடந்த வைப்புப் பணம் கார்த்திகையில்தான் முதிரும். இப்போது உடைத்தால் வருட வட்டி முழுக்கப் போய்விடும். மிச்சத்துக்கு இருந்தது தேவராசாவின் கிரெடிட் கார்ட் ஒன்றுதான். அந்த வைப்பைப் பிணையாக வைத்துக்கொண்டு வங்கியில் வற்புறுத்திக் கொடுத்தது. அலுமாரிக்குள் உறையோடு கிடந்தது. ஒருநாளும் பாவித்ததில்லை.

"வெளிநாட்டில கார்ட் பாவிக்கிறதெண்டால் சும்மா இல்லை," என்றார் தேவராசா. "முதல்ல இந்தியக் காசை டொலராக்குவினம். பிறகு டொலரை எங்கட காசாக்குவினம். ரெண்டு தரமும் அவை வைச்சதுதான் விலை. அதுக்கு மேல நூற்றுக்கு மூண்டு. மெஷினில காசெடுத்தால் எடுக்கிற ஒவ்வொரு தரத்துக்கும் கட்டணம். எடுத்த அண்டைக்கே வட்டி ஓடத் தொடங்கும். லொட்ஜுக்கு, சாப்பாட்டுக்கு எண்டு எல்லாத்தையும் போட்டுப் பாத்தன். ரெண்டு பேரெண்டால் ஐயாயிரம் இடிக்குது. ஒராளெண்டால் தாராளம்."

"டொலராக் கொண்டு போனால்?"

"டொலர் வாங்கக் கையில ரொக்கம் வேணுமே."

"ஐயாயிரம்தானே. பாயிஸா டீச்சரிட்டை ஒரு கைமாத்து..."

"கடன் வாங்கி ஊர் சுத்தின பழக்கம் இந்த வீட்டில இல்லை."

"பெத்த பிள்ளையைப் பாக்கப் போறது ஊர் சுத்துறதே?"

தேவராசா தண்ணீரைத் தெளித்தார். சேலையில் ஆவி சீறி எழும்பியது. "மற்றதை எடுத்துத் தாரும்," என்றார்.

மங்களேஸ்வரி எடுத்துக் கொடுத்தாள். முப்பத்தொரு வருடத்தில் அவர் போட்ட கணக்கை அவள் ஒருநாளும் திருப்பிப் போட்டுப் பார்த்தவளில்லை. தேவையும் வந்ததில்லை. கோண்டாவிலில் பிறந்து, ஆசிரியர் கலாசாலையில் படித்து, கண்டிக்கு நியமனம் கிடைத்து வந்த தமிழ் டீச்சர் அவள். சுழிபுரத்துத் தேவராசா அதே ஊரில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் கணக்குப் பகுதியில் இருந்தார். கலியாணமான கிழமையே சம்பளக் கவரைப் பிரிக்காமல் அவர் கையில் கொடுத்துவிட்டாள். எந்தக் கடையில் அரிசி வாங்குவது, எந்த மாதம் சீட்டுக் கட்டுவது, பிள்ளைக்குச் சப்பாத்து எப்போது என்பதெல்லாம் அவர் சொல்லுவார். சொன்னபடி நடக்கும். சதம் பிசகாது. அவளுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. தலைக்குள் ஒரு பக்கம் எப்போதும் காலியாக இருந்தால் பிள்ளைகளுக்கு நிம்மதியாகப் பாடம் சொல்லிக் கொடுக்கலாம் என்பாள்.

அவருடைய கணக்குக்கு ஒரு அடித்தளம் இருந்தது. ஒழுங்காக நடக்கிறவனுக்கு ஒழுங்காக நடக்கும் என்பது. எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில், கண்டி கட்டுக்கலையில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டை எரித்தார்கள். பத்து வயதுப் பிள்ளையையும் கொண்டு பக்கத்துச் சிங்கள வீட்டு விறகறைக்குள் ஒளிந்து கிடந்து, பிறகு ஒரு பள்ளிக்கூடத்து முகாமுக்குப் போனார்கள். கந்தோர்கள் திறந்த முதல்நாளே தேவராசா இன்னொருவரின் காற்சட்டையைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டார்.

"மாசக் கடைசி, மங்களம். சம்பளப் பட்டியல் போகாட்டி முன்னூறு குடும்பம் பட்டினி."

"அந்த முன்னூறுக்குள்ள எங்கட வீட்டுக்கு நெருப்பு வைச்சவையும் இருப்பினம்."

"இருக்கலாம். அதுக்காக ஒருத்தன்ர சம்பளத்தை நிப்பாட்டேலாது."

அவள் அப்போது சிரித்தாள், பெருமையாகவும் இருந்தது. முகாமில் அதைச் சொல்லிச் சொல்லி மற்றப் பெண்களும் சிரித்தார்கள். பிறகு மஹய்யாவப் பக்கம் மேட்டில் ஒரு சின்ன வீடு எடுத்து, இரண்டு சட்டி பானையோடு திரும்பத் தொடங்கினார்கள்.

பத்து வருடம் கழித்து, கொழும்பில் ஒரு குண்டு வெடித்த கிழமை, கண்டியிலும் தமிழ்ப் பொடியன்களைப் பிடித்தார்கள். ஒரு பொலிஸ்காரன் வீட்டுக்கு வந்து, மகனை ஒரு வாக்குமூலத்துக்காக அடுத்தநாள் வரும்படி மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனான். சிவரூபனுக்கு அப்போது இருபது வயது. அன்று பின்னேரமே பாயிஸா மடவளையிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினாள். மங்களேஸ்வரியோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள்.

"தம்பிய எங்க வீட்டுல கொண்டு வைங்க. நாலு நாள் ஆறட்டும். எங்கட முஸ்லிம் ஆக்களுக்குள்ள வந்து யாரு தேடப்போறா?"

தேவராசா அவளுக்கு நன்றி சொன்னார். "ஒளிச்சால்தான் பிள்ளை சந்தேகம் வரும். நான் முப்பது வருசம் அரசாங்கத்தில இருக்கிறவன். நானே கூட்டிக்கொண்டு போய் விசயத்தைச் சொல்லிப்போட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திடுவம்."

பாயிஸா மங்களேஸ்வரியைப் பார்த்தாள். மங்களேஸ்வரி புருசனைப் பார்த்தாள். இவ்வளவு காலம் பிசகாத மனிதர். அவள் வாய் திறக்கவில்லை.

காலையில் அவர் மகனுக்கு ஒரு வெள்ளைச் சேட்டை மினுக்கிக் கொடுத்தார். அவள் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தாள். பின்னேரம் தேவராசா தனியாக வந்தார்.

ஒன்றரை வருடம். இடம் மாற்றி மாற்றி வைத்திருந்தார்கள். அவள் சோற்றுப் பார்சலோடு பஸ் ஏறினாள். அவர் மனு எழுதினார், ஒவ்வொன்றும் முறைப்படி தலைப்பிட்டு, இலக்கமிட்டு. வழக்கு ஒன்றும் இல்லாமலே ஒருநாள் விட்டார்கள். வந்த பிள்ளையின் இடது கை முழுவதாக மேலே எழும்பவில்லை. அதைப் பற்றி அவன் கதைக்கவில்லை. தகப்பனை ஒரு சொல்லும் குற்றம் சொல்லவில்லை. நகையும் சேமிப்பும் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஒரு ஏஜென்சிக்காரனிடம் போயின. "போயிட்டு வாறன் அப்பா" என்றான், போனான். ஞாயிறுகளில் ரெலிபோன் எடுப்பான். தாயோடு கதைப்பான். பிறகு தேவராசா வாங்கி, "ஓம், சுகம். அங்க குளிரோ?" என்று கேட்பார். குளிர் என்று அவன் சொல்லுவான். ரிசீவர் திரும்ப அவளிடம் வந்துவிடும்.

சென்னைக்கு வருவதைச் சொன்ன அன்று, "அம்மா வாங்கோ, உங்களைப் பாக்கவேணும் போல கிடக்கு" என்றான். அப்பா என்று அவன் சொல்லவில்லை. அப்பாவும் வரட்டுமா என்று அவளும் கேட்கவில்லை. கேட்டு, அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்தாள்.

அடுத்த சனிக்கிழமை மங்களேஸ்வரி மடவளைக்குப் போனாள். பாயிஸாவின் புருசன் பளீல் சென்னைக்கும் கண்டிக்குமாகத் துணி வியாபாரம் செய்கிறவர். மாதம் ஒருமுறை போய் வருவார். தனியாகப் போகிற பெண்ணுக்குத் தோதான லொட்ஜ் எது என்று கேட்பதற்காகத்தான் போனாள்.

"தனியாவா?" பாயிஸா இஞ்சித் தேத்தண்ணியை வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "ஐயா வரல்லையா?"

"கணக்கு வரேல்லையாம்."

"அல்லாவே, அவருக்குமா கணக்கு வராம போகும்? எங்கட ஸ்கூல் நலன்புரிச் சங்கத்துக் கணக்கப் பாக்கக் குடுத்தா, அம்பது சதம் கூடிப்போச்செண்டு மூணு நாள் தேடின மனுசன்."

பளீல் சிரித்தார். "எங்க இடிக்கிதெண்டு சொல்லுங்க டீச்சர், பாப்பம்."

அவள் சொன்னாள். டொலர், இரண்டு மாற்று, நூற்றுக்கு மூன்று, மெஷின் கட்டணம், அன்றைக்கே ஓடும் வட்டி. பளீல் தலையாட்டிக்கொண்டே கேட்டார். எல்லாம் சரி என்றார். பிறகு, "லொட்ஜுக்கு என்னத்துக்கு மெஷின்ல காசு எடுக்கணும்?" என்றார்.

"லொட்ஜ் காசு கட்டத்தானே வேணும்?"

"எழும்பூர்ல நான் நிக்கிற லொட்ஜ்ல கவுண்டர்ல கார்ட்ட இழுக்கிறான். சாப்பாடும் அங்கயே, அதே பில்லுல. இழுத்தா கட்டணம் இல்ல, வட்டி இல்ல. அந்த நூத்துக்கு மூணு மட்டுந்தான். பில்லு வந்து, குடுத்த திகதிக்குள்ள முழுசாக் கட்டினாச் சரி. வட்டி ஓடுறது மெஷின்ல எடுக்கிற காசுக்குத்தான். பஸ்ஸுக்கு, பூவுக்கு ரொக்கத்த வச்சிக்கோங்க. கார்ட்டால காசு மட்டும் எடுக்காதீங்க."

"உங்களுக்கு இவ்வளவும் எப்பிடித் தெரியும், பளீல் நானா?"

"எங்களுக்கு வட்டி ஹராம் டீச்சர். அதான் எது எதுக்குள்ள வட்டி ஒளிச்சிரிக்கெண்டு நாங்க நல்லாத் தேடிப் படிச்சி வச்சிரிக்கம்."

பாயிஸா சிரித்தாள். "கேட்டீங்களா? கார்ட் எடுத்த அண்டைக்கி பள்ளிவாசல் லெப்பையிட்டப் போயி ஒரு மணித்தியாலம் வாதாடினவரு." பிறகு, மங்களேஸ்வரி சிரிக்காமல் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு சிரிப்பை நிறுத்தினாள். வாசல்வரை வந்து, கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்து மங்களேஸ்வரி மனதுக்குள் கூட்டினாள். கூட்டல் அவளுக்கு மெதுவாகத்தான் வந்தது. லொட்ஜையும் சாப்பாட்டையும் எடுத்துக் கார்ட்டில் போட்டாள். கட்டணத்தைத் தள்ளினாள். வட்டியைத் தள்ளினாள். பில் வரும்போது அவளுடைய சம்பளமும் அவருடைய பென்சனும் வந்திருக்கும். பிழையாகிவிட்டதோ என்று மறுபடி தொடங்கினாள். இரண்டு பேருக்கும் காணும், நானூறு ரூபாய் மிஞ்சியது.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். அவள் வரிசையில் நின்று அடையாள அட்டையை நீட்டினாள். பெயரைப் படித்த இளைஞன் ஒருமுறை அவள் முகத்தைப் பார்த்தான், கைப்பையைத் திறக்கச் சொன்னான். திறந்து பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் அவளுக்கு விளங்கியது. ஐம்பது சதத்தை மூன்று நாள் தேடிய மனிதருக்கு, காசெடுப்பதும் கார்ட்டை இழுப்பதும் வேறு வேறு என்று தெரியாமல் இருக்காது. அந்த ஐயாயிரம், போகாமல் இருக்க அவர் தேடிக் கண்டுபிடித்த ஐயாயிரம். சுடுதண்ணீர் பட்ட மாதிரி ஒரு கோபம் வந்தது. பஸ்ஸுக்குள் ஏறி இருந்த பிறகு அது வேறு எதுவாகவோ மாறியது. அதற்கு அவளிடம் பெயர் இருக்கவில்லை.

வீட்டில் தேவராசா முன்னறையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் உடுப்பு மாற்றி, இரண்டு கோப்பைத் தேத்தண்ணியோடு வந்து எதிரில் இருந்தாள்.

"பளீல் நானா எழும்பூரில ஒரு லொட்ஜ் சொன்னவர்."

"நல்லது. ஆள் விசயம் தெரிஞ்சவன்."

"அங்க கவுண்டரில கார்ட் இழுக்கலாமாம். சாப்பாட்டுக்கும் சேத்து. இழுத்தால் வட்டி இல்லையாம்."

பேப்பர் ஒரு பக்கம் திரும்பியது.

"நான் கூட்டிப் பாத்தன். ரெண்டு பேருக்கும் காணும். நானூறு மிஞ்சுது."

"ம்."

"இது உங்களுக்குத் தெரியாதோ?"

வாதாடுவார் என்று நினைத்தாள். மறைமுகக் கட்டணம் என்று ஏதாவது சொல்லுவார், தானும் பளீல் சொன்னதையெல்லாம் எடுத்து வைக்கலாம் என்று பஸ்ஸிலேயே அடுக்கி வைத்திருந்தாள். தேவராசா பேப்பரை மடித்து மடியில் வைத்தார்.

"தெரியும்," என்றார்.

வெளியில் மேட்டு வீதியில் பிள்ளைகள் கத்திக்கொண்டு பந்தின் பின்னால் ஓடினார்கள். சத்தம் இறங்கிக் கீழே போனது.

"அவன் உம்மட்டைக் கேட்டவனோ? அப்பாவும் வரட்டாம் எண்டு?"

பொய் சொல்லலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்தப் பொய்யைச் சென்னைவரை தூக்கிக்கொண்டு போகவேண்டி வரும், அங்கே மூன்று பேரும் அதைச் சுற்றி இருக்கவேண்டி வரும் என்று நினைத்தாள்.

"கேக்கேல்லை. வேண்டாமெண்டும் சொல்லேல்லை. நானும் அவனைக் கேக்கேல்லை."

"ஏன்?"

"பயத்தில."

தேவராசா தலையாட்டினார், ஒரு கணக்கைச் சரிபார்த்து ஒப்பமிடுகிறவரைப் போல. பிறகு, ஏழு வருடமாக அவர் வாயிலிருந்து அவள் கேட்டிராத ஒன்றைச் சொன்னார்.

"அண்டைக்குப் பொலிஸில எனக்குக் கதிரை தந்தவங்கள். 'மாத்தையா இருங்கோ' எண்டு, மரியாதையா. நான் நன்றி சொல்லிப்போட்டு இருந்தனான். அவனை உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போகேக்கை திரும்பிப் பாத்தவன் மங்களம். நான் எழும்பேல்லை. போ, போ எண்டு கையைக் காட்டினனான். எழும்பினால் மரியாதை இல்லையெண்டு நினைப்பாங்களோ எண்டு நினைச்சன்." வலது கையைத் தூக்கி, விரல்களை இரண்டு தரம் அசைத்துக் காட்டினார். அந்தக் கை பிறகு முழங்காலில் போய் விழுந்தது. "அவன் அதைத்தானே பாத்துக்கொண்டு போனவன்."

அது பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. பரவாயில்லை என்று சொல்லுகிற உரிமை தனக்கு இல்லை என்று அவளுக்குத் தெரியும். பாயிஸா பார்த்தபோது வாய் திறக்காமல் நின்றவள் அவளும்தான்.

"அங்க வந்து நீங்கள் ஒண்டும் கதைக்க வேண்டாம்," என்றாள். "மன்னிப்புக் கேக்கவும் வேண்டாம், விளங்கப்படுத்தவும் வேண்டாம். அவன் சாப்பிடேக்கை எதிரில இருங்கோ. அவன் எழும்பிப் போனால் போகட்டும். கோவிச்சால் கோவிக்கட்டும். கோவிக்கவாவது அவனுக்கு ஆள் முன்னால இருக்கவேணும். திங்கட்கிழமை நான் விசாவுக்குப் போறன். ரெண்டு பேருக்கும் போடட்டோ?"

தேவராசா ஜன்னலைப் பார்த்தார். ஹந்தானைப் பக்கம் மழை இறங்கியிருந்தது, மலையின் மேல்பாதி இல்லை. சேட்டுக் கையின் பொத்தானை அவர் கழற்றுவதும் பூட்டுவதுமாக இருந்தார்.

"இஞ்சாருங்கோ. போடட்டோ?"

இரண்டு கோப்பையிலும் தேத்தண்ணி ஆறி ஆடை படிந்துவிட்டது. மங்களேஸ்வரி இன்னும் கொஞ்ச நேரம் இருந்து பார்த்தாள். பிறகு எழும்பி, குடிக்காத கோப்பைகளை இரண்டு கையிலும் எடுத்துக்கொண்டு அறையை விட்டுப் போனாள்.